பெயர் தெரியும், தளம் கிடைக்கவில்லை

கேள்வி: பழைய கைக்கடிகாரங்களைப் பிரித்துப் பழுதுபார்ப்பது என் பொழுதுபோக்கு. அதற்கென்றே ஒருவர் தனி ஆளாக நடத்திவந்த தளம் ஒன்றைப் பல ஆண்டுகளாகப் படித்துவந்தேன். கணினியை மாற்றியபோது புக்மார்க் எல்லாம் போய்விட்டது. தளத்தின் பெயர் நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு சாதாரண ஆங்கிலச் சொற்கள். கூகுளில் அந்தப் பெயரைப் போட்டால் கடிகாரக் கடைகளும் வீடியோக்களும்தான் வருகின்றன. பிங்கிலும் டக்டக்கோவிலும் அதே கதை. பெயரையே சொல்லிக் கேட்கிறேன், அதைக்கூட எடுத்துத் தரத் தெரியாதா? இன்னொன்று: என் அம்மா தன் வங்கியின் பெயரைத் தேடி, மேலே முதலில் வந்ததைத் தட்டியிருக்கிறார். அது வங்கியே இல்லை. பாஸ்வேர்டு போடுவதற்குள் நான் பார்த்துவிட்டேன். தெரிந்த தளத்துக்குப் போவதில் தேடுபொறியை எவ்வளவு நம்பலாம்? அந்தக் கடிகாரத் தளத்தை மீட்க வழி உண்டா? அதை நடத்துபவரைக் கண்டுபிடித்தால், தேடலில் தெரியும்படி செய்ய அவரிடம் என்ன சொல்வது?

பதில்:

அம்மாவின் விஷயம் அவசரம். அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

அவர் தட்டியது அநேகமாக ஒரு விளம்பரமாக இருக்கும். ஒரு வங்கியின் பெயரைத் தேடுபவர்களுக்குத் தன் விளம்பரத்தைக் காட்டும்படி யார் வேண்டுமானாலும் தேடுபொறிக்குக் காசு கட்டலாம். அந்த வங்கியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆள்மாறாட்டத்தைத் தடுக்க விதிகள் உண்டு, சோதனைகளும் நடக்கின்றன. ஆனாலும் சிலர் நுழைந்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் எஃப்பிஐ 2022 டிசம்பரில் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: நிறுவனங்களின் பெயரில் தேடல் விளம்பரம் வாங்கி, அசலைப் போலவே இருக்கும் பக்கத்துக்கு ஆட்களை இழுத்துப்போய் பாஸ்வேர்டைப் பறிக்கிறார்கள் என்று. முகவரியை நேரடியாக அடியுங்கள், பிரவுசரில் விளம்பரத் தடுப்பான் போட்டுக்கொள்ளுங்கள் என்ற அறிவுரையும் அதிலேயே இருந்தது.

ஆகவே பாஸ்வேர்டு கேட்கும் எந்த இடத்துக்கும் அம்மா தேடல் வழியாகப் போக வேண்டாம். வங்கி கொடுத்த காகிதத்தையோ அட்டையின் பின்புறத்தையோ பார்த்து ஒரே ஒரு முறை நீங்களே முகவரியை அடித்து, அதை அவர் போனின் முகப்புத் திரையில் ஐகானாக வைத்துக்கொடுங்கள். பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்றையும் பழக்கிவிடுங்கள். பலர் அதை மறதிக்கு மருந்தாக மட்டும் நினைக்கிறார்கள். அதன் பெரிய உபகாரம் வேறு: அது முகவரியைப் பார்த்துத்தான் பாஸ்வேர்டை நிரப்பும். போலிப் பக்கம் அசலை அப்படியே உரித்துவைத்திருந்தாலும், முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தால் நிரப்பாது. வழக்கமாக நிரம்பும் கட்டம் ஒருநாள் காலியாக நின்றால், அங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்று மட்டும் சொல்லிவையுங்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணையும் தேடலிலிருந்து எடுக்க வேண்டாம். அதிலும் இதே வேலை நடக்கிறது. ஏஐ சாட்பாட்டிடம் கேட்பது பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரபல நிறுவனங்களின் லாகின் பக்கம் எது என்று, சாட்பாட்டுகளை இயக்கும் ஏஐ மொழி மாதிரி ஒன்றிடம் கேட்டுப் பார்த்த நெட்கிராஃப்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம், வந்த முகவரிகளில் சுமார் மூன்றில் ஒன்று அந்தந்த நிறுவனத்துக்குச் சொந்தமானதே அல்ல என்று 2025-ல் தெரிவித்தது.

அம்மாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். முகவரிப் பட்டையில் அடிப்பதற்குப் பதிலாகத் தேடல் பெட்டியில் தளத்தின் பெயரைப் போட்டு, முதலில் வருவதைத் தட்டுவது உலகம் முழுக்க உள்ள பழக்கம். பிங்கில் மிக அதிகமாகத் தேடப்படும் சொல் எது தெரியுமா? 'கூகுள்'. 2021-ல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் கூகுளின் வழக்கறிஞரே இதை வாதமாக எடுத்துவைத்தார். 2010 பிப்ரவரியில் இன்னொரு கூத்து. ரீட்ரைட்வெப் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் ஃபேஸ்புக் லாகின் பற்றி எழுதிய கட்டுரை ஒன்று, 'ஃபேஸ்புக் லாகின்' என்ற தேடலில் மேலே ஏறிவிட்டது. வழக்கம்போல முதலில் வந்ததைத் தட்டியவர்கள் அங்கே போய் இறங்கி, 'இந்தப் புது வடிவமைப்பு பிடிக்கவில்லை, உள்ளே போக முடியவில்லை' என்று கட்டுரைக்குக் கீழே திட்டித் தீர்த்தார்கள். கடைசியில் அந்தத் தளம் 'இது ஃபேஸ்புக் அல்ல' என்று கட்டுரைக்குள்ளேயே அறிவிப்புப் போட வேண்டியதாயிற்று.

இனி உங்கள் கடிகாரத் தளம்.

பெயரைச் சொன்னால் எடுத்துத் தருவதுதான் தேடுபொறிக்கு மிக எளிய வேலை என்று தோன்றும். ஆரம்ப காலத்தில் அதுதான் அவற்றுக்கு வரவே இல்லை. கூகுளை உருவாக்கிய பிரின்னும் பேஜும் 1998-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறது: 1997 நவம்பர் நிலவரப்படி, முன்னணியில் இருந்த 4 வணிகத் தேடுபொறிகளில் ஒன்றே ஒன்றுதான் தன் பெயரைத் தேடினால் தன்னையே முதல் 10 முடிவுகளுக்குள் காட்டியது. மற்ற மூன்றுக்கும் தங்களையே கண்டுபிடிக்கத் தெரியவில்லை!

காரணம், அவை பக்கத்துக்குள் இருக்கும் எழுத்தைத்தான் பெரிதும் நம்பின. ஒரு நிறுவனத்தின் பெயரை அதிகமாகச் சொல்லும் பக்கம் அந்த நிறுவனத்தின் முகப்பாக இருப்பது அபூர்வம். முகப்பில் ஒரு படம், ஒரு லோகோ, நாலு பொத்தான்கள் இருக்கும். அதைப் பற்றி விமர்சனம் எழுதியவர், வழக்குப் போட்டவர், அதன் பொருளை விற்பவர் ஆகியோரின் பக்கங்களில்தான் அந்தப் பெயர் வரிக்கு வரி வரும்.

இதை மாற்றியது லிங்க். யாரோ ஒருவர் தன் பக்கத்தில் இன்னொரு தளத்துக்கு இணைப்புக் கொடுக்கும்போது, கோடிட்டுத் தெரிகிற அந்த இரண்டு மூன்று சொற்களில் பெரும்பாலும் தளத்தின் பெயரைத்தான் எழுதுவார். அந்தச் சொற்களை, அவை எழுதப்பட்ட பக்கத்தின் கணக்கில் மட்டும் வைக்காமல், இணைப்பு போய்ச் சேரும் பக்கத்தின் கணக்கிலும் சேர்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் தந்திரம். கிராஸ்வெல், ஹாக்கிங், ராபர்ட்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2001-ல் இதை அளந்து பார்த்தார்கள். ஒரு தளத்தின் முகப்பைக் கண்டுபிடிப்பதில், பக்கத்தின் உள்ளடக்கத்தை வைத்துத் தேடுவதைவிட இணைப்புச் சொற்களை வைத்துத் தேடுவது இரண்டு மடங்கு பலன் தந்தது. அதே ஆண்டு, அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் நடத்தும் ட்ரெக் என்ற தேடல் போட்டியிலும் முகப்புப் பக்கம் கண்டுபிடிப்பதைத் தனிப் பிரிவாகவே வைத்தார்கள். அங்கே மதிப்பெண் போடும் விதம் கறாரானது. விடை ஒன்றே ஒன்று என்பதால், அது முதலிடத்தில் வந்தால் முழு மதிப்பெண், இரண்டாவதாக வந்தால் பாதி, மூன்றாவதாக வந்தால் மூன்றில் ஒன்று. மற்ற முடிவுகள் எவ்வளவு நல்ல பக்கங்களாக இருந்தாலும் செல்லாது. உங்கள் கோபமும் அந்தக் கணக்குப்படிதான் இருக்கிறது: கடிகாரம் பற்றி எத்தனையோ நல்ல பக்கங்கள் வந்திருக்கும், நீங்கள் கேட்டது வரவில்லை.

அந்தப் போட்டிகளில் தெரியவந்த இன்னொன்று, முகவரியின் நீளம். சாய்கோடு, கோப்புப் பெயர் எதுவும் இல்லாமல் வெறும் டொமைனோடு, அதாவது தளத்தின் பெயரும் டாட் காம் போன்ற வாலும் மட்டுமாக, நிற்கும் முகவரிகள் அந்தச் சேகரிப்பில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. ஆனால் தேடப்பட்ட முகப்புகளில் பெரும்பான்மை அவற்றுக்குள்தான் இருந்தது. குட்டையான முகவரிக்குக் கொஞ்சம் சலுகை கொடுத்தாலே விடை மேலே ஏறிவிடும்.

ஆக, ஒரு தளத்தின் பெயர் என்ன என்பதைத் தேடுபொறி அந்தத் தளத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட, ஊரார் அதை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தே தெரிந்துகொள்கிறது. இதை விளையாட்டாகக் காட்டிவிட்டவர்களும் உண்டு. 2003-ல் 'படுதோல்வி' என்ற பொருள் தரும் இரண்டு ஆங்கிலச் சொற்களில் பலர் கூடிப் பேசி இணைப்புக் கொடுக்க, அதைத் தேடினால் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ புஷ்ஷின் அதிகாரபூர்வ வாழ்க்கைக் குறிப்பு முதலில் வந்தது. அந்தப் பக்கத்தில் அந்தச் சொற்களே கிடையாது. 2007 ஜனவரியில்தான் கூகுள் அதற்கு ஒரு முடிவு கட்டியது.

இணைப்புக்கு மேல் இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: ஒரு பெயரைத் தேடியவர்கள் எதைத் தட்டினார்கள் என்ற கணக்கு. கூகுள் மீதான அமெரிக்க ஏகபோக வழக்கில், அதன் தேடல் பிரிவுத் துணைத் தலைவர் பாண்டு நாயக் 2023-ல் சாட்சி சொன்னபோது 'நேவ்பூஸ்ட்' என்ற உள்கருவியைப் பற்றி வெளியே தெரிந்தது. அது 13 மாதங்களின் கிளிக்குகளை நினைவில் வைத்திருக்கிறது.

லட்சம் பேர் பெயர் சொல்லித் தேடும் தளத்துக்கு இந்த ஏற்பாடு அமோகமாக வேலை செய்யும். எழுத்துப்பிழையோடு அடித்தாலும் முதலிடத்தில் வந்து நிற்கும். ஒரே ஆள் நடத்தும் கடிகாரத் தளத்தின் நிலை அப்படியா? இணைப்புக் கொடுத்தவர்கள் சிலர். அவர்களிலும் பாதிப் பேர் 'இங்கே பாருங்கள்' என்று எழுதியிருப்பார்கள். பெயர் சொல்லித் தேடுபவர் மாதத்துக்கு ஒருவர் இருந்தால் அதிகம். போதாக்குறைக்குப் பெயரும் சாதாரணச் சொற்கள். திருவிழாக் கூட்டத்தில் 'குமார்' என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பத்தான் செய்வார்கள். நீங்கள் அந்த இரண்டு சொற்களை அடித்ததும், அது ஒரு பெயர் என்றே தேடுபொறிக்குத் தோன்றவில்லை. கடிகாரம் வாங்கப் பார்க்கிறீர்கள் என்று முடிவுகட்டிவிட்டது.

தெரிந்த தளத்துக்குப் போகத் தேடுவதை ஆய்வாளர்கள் ஒரு தனி வகையாகவே வைத்திருக்கிறார்கள். ஆண்ட்ரே பிராடர் என்ற ஆய்வாளர் 2002-ல் தேடல்களை மூன்றாகப் பிரித்தார்: ஒரு தளத்துக்குப் போய்ச்சேர்வது, ஒன்றைத் தெரிந்துகொள்வது, ஒரு காரியத்தை முடிப்பது. பெட்டியில் விழுவது இரண்டே சொற்கள் எனும்போது, இந்த மூன்றில் எது என்பது எப்போதுமே ஊகம்தான். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் 'தெரிந்த தளத்தைக் கண்டுபிடிப்பது தீர்ந்துபோன பிரச்சினை' என்று பேசுவதுண்டு. பெரிய தளங்களுக்கு அது சரி. சின்னத் தளங்களைப் பொறுத்தவரை அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தேடுவதற்கு வருவோம். தேடுபொறியைத் திறக்கும் முன் உங்கள் கையில் இருப்பதைத் துழாவுங்கள். பழைய கணினி எங்காவது தூங்குகிறதா? பிரவுசரில் கணக்குப் போட்டு உள்நுழைந்திருந்தால் புக்மார்க்கும் ஹிஸ்டரியும் அந்தக் கணக்கில் இன்னும் இருக்கலாம். உங்கள் மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் 'வாட்ச்' என்று தேடிப் பாருங்கள். நமக்குப் பிடித்த தளத்தின் லிங்க்கை யாருக்காவது அனுப்பாமல் இருந்திருக்க மாட்டோம். தொலைந்த தளங்கள் அதிகம் கிடைக்கிற இடம் இதுதான், எல்லோரும் கடைசியில் பார்க்கிற இடமும் இதுதான்.

அங்கே இல்லையென்றால், பெயரின் இரண்டு சொற்களையும் இடைவெளி இல்லாமல் ஒட்டி அடியுங்கள். டொமைன் பெயரில் இடைவெளி கிடையாது அல்லவா? தனித்தனியாக எங்கும் கிடைக்கும் சொற்கள், ஒட்டியதும் அகராதியிலேயே இல்லாத ஓர் அபூர்வச் சொல்லாகிவிடுகின்றன. அதை எழுதிய பக்கங்கள் உலகத்தில் சிலதான் இருக்கும். தேடுபொறி அதைப் பிழை என்று நினைத்து மறுபடி பிரித்துவைக்கப் பார்க்கும். அதனால் இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். கணினியில் கூகுள் முடிவுகளுக்கு மேலே 'டூல்ஸ்' என்பதற்குள் 'வெர்பாட்டிம்' என்று ஒரு வசதி இருக்கிறது. அடித்ததை அடித்தபடியே தேடும், தானாகத் திருத்தாது. அந்த ஒட்டிய பெயரோடு டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் என்று சேர்த்து நேராக முகவரிப் பட்டையிலும் அடித்துப் பார்த்துவிடுங்கள். கடிகாரத்துக்குச் சம்பந்தமில்லாத பக்கமோ பரிசு அறிவிப்போ வந்தால் உடனே மூடிவிடுங்கள். கைவிடப்பட்ட டொமைன்களை வேறு ஆட்கள் எடுத்து நடத்துவது சகஜம்.

அதற்கும் அசையாவிட்டால் பெயரை விட்டுவிடுங்கள். உள்ளே படித்தது எதாவது நினைவிருக்கிறதா? குறிப்பிட்ட ஒரு மாடல் எண், அவர் வழக்கமாகச் சொல்லும் ஒரு வாக்கியம், ஒரு திருகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று எச்சரித்த வரி. பெயர் எல்லோருக்கும் பொதுவாக இருக்கலாம், ஆனால் ஒரு கடிகாரத்தின் காலிபர் எண்ணும் (உள்ளே இருக்கும் இயந்திரத்தின் மாடல் எண்), 'இடமரை' (இடப்பக்கம் திருப்பினால் இறுகும் திருகு) என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் சேர்ந்து வரும் பக்கங்கள் மிகக் குறைவு. அப்படி உட்பக்கம் ஒன்று சிக்கினால் அங்கிருந்து முகப்புக்குப் போவது ஒரு கிளிக்.

வேறு தேடுபொறி என்றால் உண்மையிலேயே வேறாக இருக்க வேண்டும். டக்டக்கோவின் சாதாரண முடிவுகள் பெரும்பாலும் பிங்கிடமிருந்து வருபவை. அதனால்தான் இரண்டிலும் அதே கதை. ஸ்டார்ட்பேஜ் என்ற தேடுபொறியும் கூகுள், பிங் போன்ற மற்றவர்களின் முடிவுகளைத்தான் காட்டுகிறது. பிரேவ், மோஜீக் ஆகியவை சொந்த அட்டவணை, அதாவது தாங்களே படித்துச் சேர்த்த பக்கங்களின் பட்டியல், வைத்திருப்பவை. உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்வது மார்ஜினாலியா: வணிக வாடை இல்லாத, எழுத்து நிறைந்த சின்னத் தளங்களைத் தேடி எடுப்பதையே நோக்கமாகக் கொண்டது. அன்றாட வேலைக்கு உதவாது. இந்த மாதிரிக் காரியத்துக்கு அருமை.

தளமே மறைந்திருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள். 2013-ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டு கழித்துத் திறக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024-ல் கணக்குச் சொன்னது. செத்த தளத்தைத் தேடுபொறி காட்டாது. அதன் வேலை அதுவல்ல. அதற்கு இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின் இருக்கிறது. 1996 முதல் பக்கங்களைச் சேர்த்துவருகிறார்கள், 2001-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். முகவரி தெரிந்தால்தான் அங்கே பயன் என்று பலர் நினைக்கிறார்கள். 2016 முதல் பெயரைப் போட்டும் முகப்புகளைத் தேடலாம். அந்தத் தேடல் எப்படிக் கட்டப்பட்டது என்பது உங்களுக்குப் பிடிக்கும்: ஒவ்வொரு முகப்புக்கும் மற்றவர்கள் கொடுத்த இணைப்புகளில் இருக்கும் சொற்களை வைத்து. தளம் உயிரோடு இருந்த காலத்தில் அதைப் பெயர் சொல்லிச் சுட்டிய பழைய லிங்க்குகள் இன்றும் அங்கே சாட்சி சொல்லும்.

முகவரி கிடைத்து, தளமும் உயிரோடு இருந்தால், தேடுபொறிக்கு அதைத் தெரியுமா என்று ஒரு சோதனை செய்யுங்கள். தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து, ஒட்டினாற்போல முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் முகவரியைப் போடுங்கள். அந்தத் தளத்தின் பக்கங்கள் மட்டும் வரும். ஒன்றுகூட வராவிட்டால் அது அட்டவணையிலேயே இல்லை என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம். வந்தால், தெரிந்தும் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது. நடத்துபவரிடம் பேசும்போது இந்த இரண்டில் எது என்பதுதான் முதல் தகவல்.

அட்டவணையிலேயே இல்லையென்றால் பெரும்பாலும் காரணம் அற்பமாக இருக்கும். வேர்ட்பிரஸ் தளமாக இருந்தால், அமைப்புகளில் 'ரீடிங்' என்ற பகுதிக்குள், தேடுபொறிகள் இந்தத் தளத்தை அட்டவணையில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் சின்னக் கட்டம் ஒன்று உண்டு. தளத்தைப் புதுப்பிக்கும்போது டிக் போட்டுவிட்டு எடுக்க மறந்துபோவார்கள். அடுத்து, டொமைனை மாற்றினாரா என்று கேளுங்கள். பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தரத் திருப்பிவிடல் வைக்காமல் மாறியிருந்தால், ஊரார் கொடுத்த இணைப்புகள் எல்லாம் வெறும் சுவரில் போய் முட்டிக்கொண்டிருக்கும். கூகுள் சர்ச் கன்சோல், பிங் வெப்மாஸ்டர் டூல்ஸ் இரண்டும் தளம் நடத்துபவர்களுக்கான இலவசக் கருவிகள். ஒரு பக்கம் ஏன் சேரவில்லை என்று அவையே காரணம் சொல்லும்.

பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தால் வேலை வேறு. முகப்பின் தலைப்பில் வெறுமனே 'ஹோம்' என்று இருக்கிறதா பாருங்கள். நிறையத் தளங்களில் அப்படித்தான் இருக்கிறது. அங்கே தளத்தின் பெயரும் 'கைக்கடிகாரப் பழுது' என்ற விஷயமும் சேர்ந்து வரட்டும். பெயர் லோகோ படத்துக்குள் மட்டும் இருந்தால் எழுத்தாகவும் வரட்டும். அதைவிட முக்கியம், அவரை மதிக்கிற மற்றக் கடிகார ஆர்வலர்கள் தங்கள் பக்கங்களில் தளத்தின் பெயரையே சொல்லாக வைத்து இணைப்புக் கொடுப்பது. காசு கொடுத்து இணைப்பு வாங்கித் தருகிறேன் என்று எவராவது அவருக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் குப்பையில் போடச் சொல்லுங்கள். அது தேடுபொறிகளின் விதிக்கு விரோதம், பிடிபட்டால் இருக்கிற இடமும் போகும். உங்களுக்கே ஒரு பக்கம் இருந்தால் நீங்களும் ஓர் இணைப்புக் கொடுங்கள். இவ்வளவு சின்னத் தளத்துக்கு ஒவ்வொன்றும் கணக்கில் சேரும்.

மாற்றங்கள் செய்த மறுநாளே தேடிப் பார்த்துவிட்டு அவர் சோர்ந்துபோகக் கூடாது. பக்கங்களைப் படித்து அட்டவணையில் சேர்க்கும் தேடுபொறியின் ரோபோ (ஒரு தானியங்கி நிரல்) மறுபடி வந்து படிக்கச் சில நாட்கள் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். சர்ச் கன்சோலில் முகப்பின் முகவரியைப் போட்டு அட்டவணையில் சேர்க்கச் சொல்லி வேண்டுகோள் அனுப்பினால் கொஞ்சம் சீக்கிரம் நடக்கும். ஒரு முறை அனுப்பினால் போதும், திரும்பத் திரும்ப அனுப்புவதால் வேகம் கூடாது.